எழுபத்திரண்டு படங்களில் ஓர் இடது கை

செக் நாட்டில் நான் எட்டு மாதம் இருந்திருக்கிறேன். ஆனால் அந்த நாட்டை நான் பார்த்ததில்லை. மூடிய லொறியில் கொண்டுவந்து ஒரு வீட்டின் மேல்மாடியில் பதினொரு பேரை இறக்கினார்கள். ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தது. ஜேர்மனிக்கு இன்றைக்கு, நாளைக்கு என்று ஏஜென்சிக்காரன் சொல்லிக்கொண்டிருந்தான். சாப்பிடப் பாண் கொண்டுவந்து தருகிற கிழவன் ஒரேயொரு சொல்தான் பேசுவான்: "டீஹோ." சத்தம் போடாதே என்று அர்த்தம். இருமினாலும் அதுதான், சிரித்தாலும் அதுதான். கடைசியில் ஒரு காட்டு வழியால் நடக்கவிட்டார்கள். எல்லையில் பிடிபட்டேன். பிறகு முகாம், விமானம், திரும்பவும் கட்டுநாயக்கா.

அந்த அறையில் என்னோடு கிடந்தவர்களில் ஒருவன் எங்கள் ஊர்க்காரன். அவனும் திருப்பி அனுப்பப்பட்டான். ஆனால் அடுத்த முறை பாரிசுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். நான் அடுத்த முறை போகவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு எங்கேயும் ஏதோ ஒரு வேலை கிடைக்கும், எங்கேயும் நிலைக்காது. வவுனியாவில் பேக்கரி, கொழும்பில் லொட்ஜ், கட்டாரில் பெயின்ற், குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகுக்குச் சாமான் ஏற்றுதல். ஒரு இடத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்த ஞாபகம் இல்லை.

சென்ற ஆண்டு தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றுத் தொடங்கியபோது அத்தான் கடலில் காணாமல் போனார். அக்காவுக்குத் துணையாக நான் ஊர்காவற்றுறைக்கு வந்தேன். அத்தானோடு வழமையாகப் போகிறவருக்கு அன்றைக்குக் காய்ச்சல். தனியே போனார். மூன்றாம் நாள் அவருடைய பைபர் படகு மட்டும் வேறு ஆட்களால் இழுத்துக்கொண்டு வரப்பட்டது. அதற்குள் அவருடைய செருப்பும் சாப்பாட்டுப் பெட்டியும் இருந்தன. பெட்டி திறக்கப்படவில்லை.

அக்கா அழவில்லை. காற்றில் அள்ளுண்டு இந்தியக் கரையில் ஏறியிருப்பார், அங்கே பிடித்து மறியலுக்குள் பூட்டி வைத்திருப்பார்கள் என்றாள். அப்படி நடந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள் என்பதால் யாராலும் இல்லையென்று சொல்ல முடியவில்லை. அவர் வரும்வரை மீன் தின்பதில்லை என்று நேர்ந்துகொண்டாள். பிள்ளைகள் இல்லாத வீடு. மீன் மணமும் இல்லாமல் போனபோது அது யாரோ வாடகைக்குவிட்டுப் போன வீடு மாதிரி இருந்தது.

தவக்காலம் நெருங்க நெருங்க ஒரு பிரச்சினை எழுந்தது. எங்கள் கோயிலில் பெரிய வெள்ளியன்று பின்னேரம் சிலுவையிலிருந்து ஆண்டவரின் சுரூபத்தை இறக்குவார்கள். பழைய மரச் சுரூபம். தோள்கள் இரண்டும் மடங்கும். கைகளுக்கு ஒவ்வொன்றாக இரண்டு ஆணி, காலுக்கு ஒன்று. ஒவ்வொரு ஆணியும் ஒரு குடும்பத்துக்கு உரியது. இடது கை ஆணி அத்தானின் குடும்பத்துக்கு. அதைக் கழட்டுகிற குறடு அவர்களின் வீட்டு அலுமாரிக்குள்தான் வருடம் முழுவதும் இருக்கும். ஆணிக்குரியவர் செத்துப்போனால், குருத்தோலை ஞாயிறன்று அவருடைய மனைவி குறட்டைக் கோயிலுக்குக் கொண்டுபோய், எல்லோரும் பார்க்கக் குடும்பத்தில் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். வேறு எந்தக் கடுதாசியும் வேண்டாம். அந்தக் குறடு கைமாறினால் மனிதர் இல்லை என்று ஊர் எடுத்துக்கொள்ளும்.

மூப்பர் இரண்டு தரம் வீட்டுக்கு வந்தார். கோயில் காரியங்களைப் பார்க்கிறவர், அறுபது வயது தாண்டியவர், பகிடிக்காரர். இந்த விஷயத்தில் அவருக்குப் பகிடி வரவில்லை.

"பிள்ளை, நான் ஒண்டும் அவசரப்படுத்தேல்லை. ஆனா ஆணி தானாக் கழராது கண்டியோ."

"இவர் வந்து கழட்டுவார்," என்றாள் அக்கா. "நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

அந்த நாட்களில்தான் பாரிஸ் கூட்டாளி குரல் செய்தி அனுப்பினான்.

"மச்சான், எங்களைப் பூட்டி வச்சிருந்தவங்கட நாட்டுப் படங்கள் நெற்றில கிடக்கு. பழைய பேய்ப்படம், பொம்மைப்படம், மாயப்படம். எல்லாத்தையும் கழுவித் துடைச்சுப் புதுசு மாதிரிப் போட்டிருக்கிறாங்கள். என்ர மகள் தன்ர படிப்புக்கு எடுத்த கணக்கு. பாஸ்வேர்ட் அனுப்புறன், பார். எட்டு மாசம் கிடந்தனாங்கள், ஒரு படம் காட்டினவங்களே?"

நான் படம் பார்க்கிற ஆள் இல்லை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கடலுக்குப் போய்வந்தவர்கள் நித்திரை கொள்கிற நேரத்தில், எனக்கு எதுவும் செய்ய இருக்கவில்லை. முன் அறையில் கதிரையை ஜன்னலோடு போட்டால் சிக்னல் எடுக்கும். அங்கே இருந்து போனில் பார்த்தேன்.

முதலில் பார்த்தது கறுப்பு வெள்ளைப் படம். பனி மூடிய ஊர், வெறுமையான ஒரு பெரிய வீடு. பத்து நிமிடம் கூட ஓடியிருக்காது, ஒரு பெண் கதவைப் பார்த்து மெதுவாக "டீஹோ" என்றாள். நான் போனை நிறுத்திவிட்டு எழுந்து வெளியே போனேன். முற்றத்தில் நின்று தண்ணீர் குடித்தேன். நாற்பத்தைந்து வயதுக்காரன், பட்டப்பகல், வெய்யில் கொளுத்துகிறது. வெயிலை விட்டு உள்ளே போகாமல் நின்றேன். அதற்குப் பிறகு ஒரு கிழமை அந்தப் பக்கம் போகவில்லை.

திரும்பப் போனதற்குக் காரணம் வீம்புதான். அந்தப் படத்தை முழுவதும் பார்த்தேன். ஆங்கிலத்தில்தான் வசனம் எழுதியிருந்தது. எனக்கு அது ஓடுகிற வேகத்தில் வாசிக்க வராது. நிறுத்தி, வாசித்து, விளங்காத சொல்லைப் போனிலேயே தேடி, மறுபடி ஓடவிட வேண்டும். ஒன்றரை மணித்தியாலப் படத்துக்கு ஒரு பின்னேரம் முழுவதும் போகும். அப்படிப் பார்க்கும்போது படம் படமாகவே நிற்காது. ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று, சுவர், ஜன்னல், கோப்பை, மனிதரின் நகம் வரைக்கும் தெரியும். நான் அடைபட்டிருந்த வீட்டுக்கு வெளியே இருந்ததெல்லாம் இதுதானா என்று பார்த்தேன். கூரை இப்படியா இருந்தது, மரங்கள் இப்படியா. அந்தச் சொல்லையும் பல தரம் கேட்டேன். தாய் பிள்ளைக்குச் சொன்னாள், வேட்டைக்காரன் நாய்க்குச் சொன்னான், ஒரு மணப்பெண் தனக்குத்தானே சொன்னாள். கேட்டுக் கேட்டுப் பயம் கொஞ்சம் தேய்ந்தது. முழுக்கப் போகவில்லை.

பேய்ப்படங்களை விடப் பொம்மைப் படங்கள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. மரத்தில் செதுக்கிய முகம், அது மாறவே மாறாது. ஆனால் தலையைக் கொஞ்சம் சரித்து வெளிச்சத்தை மாற்றினால் அதே முகம் அழுகிறது. பழைய சப்பாத்துகள் நடந்தன. கரண்டிகள் ஒன்றையொன்று விழுங்கின. உடைந்த கதிரை ஒன்று தன் காலைத் தானே தேடிப் போனது. இதெல்லாம் சிறுவர்களுக்கானது என்று ஒருவர் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஒரு படத்துக்கு முன்னால், அதை எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்று சிறிய துண்டொன்றைப் போட்டிருந்தார்கள். வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண் பழைய சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். பூஞ்சணம், கீறல், சுருங்கிப்போன ஓரம். பிறகு திரையை நடுவால் பிரித்து இடப்பக்கம் பழசு, வலப்பக்கம் கழுவியது. பழசில் மழை பெய்வது மாதிரிக் கீறல். கழுவியதில் மழை நின்றுவிட்டது. அதே துண்டில் வயதான ஒருவர் பொம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கினார். ஒரு செக்கனுக்கு இருபத்துநான்கு படம் ஓடும். ஒரு நிலைக்கு இரண்டு தரம் எடுத்தால் பன்னிரண்டு அசைவு போதும். கையை ஒரு மயிரளவு நகர்த்து, எடு, நகர்த்து, எடு. அந்தத் துண்டை நான் மூன்று முறை பார்த்தேன். படிப்பில் எனக்கு ஏறாமல் போனது எத்தனையோ. இது ஒரே தரத்தில் ஏறிவிட்டது.

ஒருநாள் அக்கா துடைப்பத்தோடு வந்து என் பின்னால் நின்றாள். போனில் ஒரு கலங்கரைவிளக்கக் காவல்காரனின் கதை ஓடிக்கொண்டிருந்தது. கடல் முழுவதும் தாளில் வெட்டிய அலைகள். ஒன்றன்பின் ஒன்றாக மேலும் கீழும் ஏறி இறங்கின.

"இது என்ன?"

"கடல்."

"உதோ கடல்?"

"அவங்கட நாட்டில கடல் இல்லை அக்கா. அதாலதான் தாளில செய்திருக்கிறாங்கள்."

சிறிது நேரம் பார்த்தாள். "நல்ல கடல்தான். உதில ஆரும் சாகமாட்டினம்," என்றுவிட்டுக் கூட்டப் போனாள்.

இன்னொரு படத்தை அவளுக்குக் காட்டாமல் ஒளித்தேன். அதில் ஏரிக்கு அடியில் ஒருவன் இருக்கிறான். அவனுடைய சட்டை விளிம்பிலிருந்து எந்த நேரமும் தண்ணீர் சொட்டும். மூழ்கிச் செத்தவர்களின் உயிர்களைச் சின்னச் சின்ன மண்சட்டிகளுக்குள் மூடி, தட்டுத்தட்டாக அடுக்கி வைத்திருப்பான். ஒரு பெண் இறங்கிப் போய் ஒரு சட்டியின் மூடியைத் தூக்கப் பார்க்கிற இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். இன்றுவரைக்கும் மிச்சத்தைப் பார்க்கவில்லை.

விபூதிப் புதன் கழிந்து நாலாம் கிழமை மூப்பர் என்னைக் கூப்பிட்டார்.

"நீர் கட்டாரில பெயின்ற் அடிச்சனீர் எல்லே. ஆண்டவரின்ர பெட்டியைக் கறையான் தொட்டிருக்கு. ஆளையும் ஒருக்காத் துடைச்சு விடவேணும். முகத்துக்கு மட்டும் கை வச்சிராதையும். வெள்ளையாக்கி எடுத்தீரெண்டா சனம் என்னைக் கொண்டுபோடும்."

பூசை உடுப்புகள் வைக்கும் அறையில் சுரூபத்தை நீளமான மேசையில் கிடத்தியிருந்தார்கள். மூன்று நாள் நான் அங்கே தனியாக வேலை செய்தேன். பஞ்சும் வெதுவெதுப்பான தண்ணீரும். மெழுகுதிரிப் புகை படிந்த கறுப்புக்குக் கீழே பழைய நிறம் வந்தது. விலாவில் வடித்திருந்த இரத்தம் நான் நினைத்ததைவிடச் சிவப்பு. தோள் மூட்டைத் தோலால் மூடியிருந்தார்கள். வலது பக்கத் தோல் கிழிந்திருந்ததால் பசை வைத்து ஒட்டி, காயும்வரை கை அசையாமல் சீலைத்துண்டால் சுற்றிக் கட்டினேன். இடது பக்கம் நன்றாக இருந்தது. உள்ளே ஒரு மரக் குண்டும் ஆப்பும். கையை எங்கே விட்டாலும் அங்கேயே ஓரளவு நிற்கும். அதைக் கண்டபோது எனக்கு அந்த வயதானவரின் கையிலிருந்த பொம்மைதான் ஞாபகம் வந்தது.

நான் பகிடிக்குச் செய்யவில்லை. நேர்த்திக்கடனாகவும் செய்யவில்லை. கை அரித்தது, செய்தேன். போனைக் கதிரையின் முதுகில் நூலால் அசையாமல் கட்டினேன். வலை மிதப்புக்குப் பாவிக்கிற ரெஜிபோம் நுரைக்கட்டையைத் தகடு தகடாகச் சீவி, இடது கைக்குக் கீழே, போனுக்குத் தெரியாத பக்கமாக, ஒன்றொன்றாகச் செருகினேன். ஒரு தகடு, ஒரு படம். இன்னொரு தகடு, இன்னொரு படம். ஆறு செக்கனுக்கு எழுபத்திரண்டு. ஒரு காலைப்பொழுது போனது. போனில் இலவசமாகக் கிடைக்கும் செயலியில் போட்டு ஓடவிட்டேன்.

மேசையில் கிடந்தவரின் இடது கை மெல்ல எழுந்து, நெஞ்சுப் பக்கமாகக் கொஞ்சம் வந்து, நின்றது. நித்திரையில் ஒருவர் கையை மாற்றி வைப்பது மாதிரி. செய்தவன் நானே. ஆனாலும் எழுந்து போய், கை விட்ட இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்தேன்.

பாரிஸ் கூட்டாளிக்கு அனுப்பினேன். "பார், நானும் படம் எடுத்திட்டன்" என்று எழுதினேன். அவன் உணவகக் குசினியில் வேலையில் நின்றிருக்கிறான். என்ன நினைத்தானோ, நான் எழுதியதை விட்டுவிட்டு, படத்தை மட்டும் ஊர்க் குழுவில் தள்ளிவிட்டான். வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் ஊரார் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். அங்கிருந்து லண்டன், அங்கிருந்து ரொறன்ரோ. கோயிலிலிருந்து அக்காவின் வீட்டுக்கு நடந்தால் ஐந்து நிமிடம். அந்தப் படம் உலகம் சுற்றி, கனடாவில் இருக்கும் அத்தானின் மாமி ஒருத்தியின் போனிலிருந்து, அன்று பின்னேரமே அக்காவிடம் வந்துவிட்டது. மேலே யாரோ எழுதியிருந்தார்கள்: "எங்கட கோயிலில ஆண்டவர் கை அசைச்சவர்."

நான் வீட்டுக்கு வந்தபோது அக்கா செபமாலையோடு முழங்காலில் நின்றாள். எழுந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். சிறுவயதுக்குப் பிறகு அவள் அப்படிச் செய்ததில்லை.

"இடது கை," என்றாள். "பாத்தனியோ? இவற்ற கை. ஆண்டவர் தானே எடுத்துக் காட்டிப்போட்டார். அவர் இருக்கிறார் தம்பி."

அந்த நேரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சாப்பிட்டனியோ என்று கேட்டாள், ஓம் என்றேன்.

அடுத்த நாள் அவள் மூப்பரிடம் போய், இடது கை ஆணியை யாரும் தொடக்கூடாது, அவர் வந்துதான் கழட்டுவார், குருத்தோலை ஞாயிறன்று குறடு கோயிலுக்கு வராது என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆட்கள் சுரூபத்தைப் பார்க்க வரத் தொடங்கினார்கள். வேலணைப் பக்கமிருந்து வான் பிடித்தும் வந்தார்கள். அறையைப் பூட்டிவிட்டார்கள், வெளியே சுவரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அக்கா பாட்டுப் பாடிக்கொண்டு உடுப்புத் தோய்த்தாள். பகலில் கூட நித்திரை கொண்டாள். எனக்கு நித்திரை இல்லை. போனைத் திறந்தால் அந்த மண்சட்டிகள்தான் ஞாபகம் வந்தன. படம் எதையும் பார்க்காமல் விட்டேன்.

பத்தாம் நாள் மூப்பர் என்னை மதிலோரம் மறித்தார். போனை மூக்குக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, ஆண்டவர் அசைச்சது சரி. ஆனா அவருக்குப் பக்கத்தில உம்மட பெயின்ற் ரின் என்னத்துக்கு நிக்குது?"

எட்டிப் போனைப் பார்த்தேன், ரின் நின்றது.

"எப்பிடிச் செய்தனீர்?"

சொன்னேன். ரெஜிபோம், தகடு, எழுபத்திரண்டு. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டதும் தெரிந்தது.

"கெட்டிக்காரன்தான். மொக்குக் கெட்டிக்காரன். சுவாமியாருக்கு நான் சொல்லுறன், அவர் சனத்துக்குச் சொல்லுவார். உம்மட அக்காவுக்கு நீர்தான் சொல்லவேணும். அதுவும் ஞாயிறுக்கு முதல். கோயிலுக்க வச்சு அவ கேட்கக்கூடாது."

அன்று பின்னேரம் அக்கா குசினியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசல் நிலையில் சாய்ந்து நின்றேன்.

"அக்கா, அந்தக் கை அசையிற படம் நான் எடுத்தது."

"தெரியும். நீதானே அறைக்குள்ள நிண்டனீ. உனக்குத்தான் காட்டவேணும் எண்டு இருந்திருக்கு."

"எனக்கு ஒண்டும் காட்டுப்படேல்லை. நான்தான் கையை அசைச்சனான்."

அவளுக்கு விளங்கவில்லை. பக்கத்தில் குந்திப் போனைத் திறந்து காட்டினேன். இது முதலாவது, இது இரண்டாவது, பாருங்கோ கை இவ்வளவு ஏறியிருக்கு. அவள் சட்டையில் விரலைத் துடைத்துவிட்டு, போனைத் தன் கையில் வாங்கித் தானே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அவசரப்படவில்லை. நாற்பதாவதோ என்னவோ, ஒரு படத்தின் மூலையில் விரல் நுனியொன்று விழுந்திருந்தது. தகட்டைச் செருகிவிட்டு இழுக்கப் பிந்திய விரல்.

"இது உன்ர விரல்."

"ஓம்."

மிச்சத்தையும் கடைசிவரை பார்த்தாள். பிறகு போனைச் சுளகுக்குள், அரிசிக்கு மேலே வைத்தாள்.

"ஏன் இடது கை?"

அதைக் கேட்பாள் என்று நான் யோசித்திருக்கவில்லை. பொய் சொல்லவும் வழியில்லை.

"வலது பக்கம் பசை காயேல்லை அக்கா. அதாலதான்."

"பசை."

"ஓம்."

"பத்து நாள் நான் நித்திரை கொண்டனான்," என்றாள். "இவ்வளவு மாசத்துக்குப் பிறகு பத்து நாள்."

அவள் ஏசியிருந்தால் நல்லது என்று இருந்தது. ஏசவில்லை. போனை எடுத்து என்னிடம் தந்துவிட்டு, சுளகைத் தூக்கி மீண்டும் புடைக்கத் தொடங்கினாள். உமி என் காலில் விழுந்தது. நான் எழும்பும்வரை அவள் நிமிரவில்லை.

குருத்தோலை ஞாயிறன்று சுவாமியார் பூசை முடிய, கை தானாக அசையவில்லை, அது ஒரு இளைஞர் செய்த தொழில்நுட்ப வேலை என்று அறிவித்தார். இளைஞர் என்றதும் மூப்பர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாதிப்பேர் நம்பவில்லை. வெளியே வந்து, உந்தச் சுவாமியார் நேற்று வந்தவர், அவருக்கு எங்கட ஆண்டவரைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரு ஆச்சி சத்தமாகவே சொன்னாள். அக்கா கோயிலுக்கு வந்திருந்தாள். குறடு வரவில்லை. மற்ற இரண்டு ஆணிக் குடும்பத்தாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை தேத்தண்ணீர் தரும்போது சொன்னாள்.

"மூப்பரிட்டச் சொல்லு. நீ கழட்டுவாய் எண்டு."

"அக்கா..."

"இவற்ற இடத்தில இல்லை. விளங்குதோ? நீ தொட்ட கை, நீயே கழட்டிவிடு. குறடு தரமாட்டன். அவற்ற வேட்டியையும் தொடாதை. உன்ர எதையாவது உடு."

மூப்பரிடம் சொன்னேன். அவர் தாடையைத் தடவினார். "வெறுங்கையாலயோ? உது அஞ்சு விரற்கடை ஆணி தம்பி. என்ர வீட்டில ஒரு குறடு கிடக்கு, கொண்டுவரட்டோ?"

"வேண்டாம் அண்ணை."

"அதுவும் சரிதான்," என்றார்.

பெரிய வெள்ளியன்று கோயில் கொள்ளாத சனம். வழமையைவிடக் கூட. போனைத் தூக்கிப் பிடித்தவர்களைச் சுவாமியார் இரண்டு தரம் இறக்கச் சொன்னார். சிலுவைக்குப் பின்னால் இரண்டு ஏணி. சுரூபத்தின் கமக்கட்டுக்குக் கீழே வெள்ளைச் சீலை போட்டு இரண்டு முனையையும் பின்னால் பிடித்திருந்தார்கள். வலது கைக்காரர் குறட்டைப் போட்டு இரண்டு இழுப்பில் கழட்டினார். ஆணியைத் தட்டில் வைத்த சத்தம் கேட்டது. பிறகு நான்.

ஆணியின் தலை அரை விரல் வெளியே நின்றது. பிடித்து இழுத்தேன், அசையவில்லை. முறுக்கினேன். கட்டாரில் இரும்புச் சாரம் பிடித்த கை, அப்படி மெல்லியது இல்லை. ஆனாலும் தோல் உரிந்தது. கீழே ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை முடித்துவிட்டார்கள். நான் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. "குறடு எங்கையாம்?" என்று ஒரு குரல் கேட்டது. "பேசாமல் இரு," என்றது இன்னொன்று. அக்கா மூன்றாவது தூணடியில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, சிலுவையின் அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அருகில் நின்றவர்கள் அவளையே பார்த்தார்கள்.

ஆணி கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கடைசியில் ஒரேயடியாக வந்தபோது நான் ஏணியில் பின்னால் சாய்ந்துவிட்டேன். கை விழுந்து என் கழுத்தோரம் தங்கியது. வெறும் மரம். அதன் மூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தகடு தகடாக எழுபத்திரண்டு தரம் அதை நான் தூக்கியிருக்கிறேன். இப்போது அது தன் பாரத்தில் ஒரே தரம் இறங்கியது. கீழே யாரோ விசும்பினார்கள். நிமிர்ந்து பார்த்தபோது அக்கா தூணடியில் இல்லை.

இறக்கிய சுரூபத்தை ஆசந்திப் பாடையில் வைத்துக் கோயிலைச் சுற்றிக்கொண்டு வந்தபோதும், பாதம் முத்தி செய்யும் வரிசையிலும் அவளைக் காணவில்லை. வீட்டுக்குப் போனேன். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். என் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"மருந்து போட்டனியோ?"

"போடுறன்."

நான் கையைக் கழுவிவிட்டு வந்து வாசலில் இருந்தேன். அவள் துருவிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் படத்தை அழிச்சுப்போட்டியோ?"

"ஓம். அண்டைக்கே அழிச்சிட்டன்."

"நான் அழிக்கேல்லை," என்றாள்.

அவள் பாதித் தேங்காயைத் தட்டிப் பார்த்துவிட்டு மறு பாதியை எடுத்தாள்.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்து நான் குறிகட்டுவானுக்குப் பழைய வேலைக்குத் திரும்பிவிட்டேன். சனிக்கிழமைகளில் பஸ் எடுத்து அக்காவிடம் போய் வருகிறேன். சோளகம் மறுபடி தொடங்கிவிட்டது. ஒரு வருடப் பூசைக்கு அவள் இன்னும் பெயர் கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. போன கிழமை நான் போனபோது முன் அறையில் கதிரை ஜன்னலோடு போட்டபடி இருந்தது. அதில் அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஆறு செக்கனில் முடிந்துவிடுகிற படம். முடிந்ததும் விரலால் தட்டினாள், முதலில் இருந்து ஓடியது.